மூக்கண்டப்பள்ளிக்குச் சமூகப் பாடம் வந்த வருஷம்

1

என் பெயர் ஜெயம்மா. கோவென்ட்ரிக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் இந்த ஊர்க்காரர்கள் அதை முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை. டாக்டர் ஆபீஸில் என்னை "மிஸஸ் அம்மா" என்று கூப்பிடுகிறார்கள். வந்த புதிதில் பெயரைப் பதிந்துகொண்ட பெண், முதல் பெயருக்கான கட்டத்தில் ஜெயாவையும், குடும்பப் பெயருக்கான கட்டத்தில் அம்மாவையும் போட்டுவிட்டாள். திருத்தச் சொல்லி எழுதினேன். "அன்புள்ள மிஸஸ் அம்மா, உங்கள் கோரிக்கையைப் பரிசீலிக்கிறோம்" என்று பதில் வந்தது. அத்தோடு விட்டுவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் நல்லதுதான். வீட்டில் என் மகள் என்னை "மம்" என்கிறாள். அம்மா என்று கூப்பிட அந்த டாக்டர் ஆபீஸாவது இருக்கிறதே.

மகள் பெயர் நளினி. பதினாறு வயது. இங்கே அந்த வயதில் மூன்றே மூன்று பாடங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தலைமுழுகிவிடலாம். சில மாதங்களுக்கு முன்னால் அதற்காகப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. கெமிஸ்ட்ரி மேஜைக்கு முன்னால் என் கணவர் கதிரேசன் போய் நின்றார். கார் தொழிற்சாலையில் என்ஜின் பிரிவில் இருப்பவர். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிடலாம் என்று நம்புகிறவர். திரும்பிப் பார்த்தால் மகளைக் காணோம். அவள் ஹாலின் மறுகோடியில், தாடி வைத்த, செருப்புப் போட்ட ஒரு வாத்தியார் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேஜையில் இருந்த அட்டையில் சோஷியாலஜி என்று எழுதியிருந்தது.

"இதைப் படிச்சா என்னம்மா வேலை கிடைக்கும்?" என்று கதிரேசன் தமிழில் கேட்டார். நளினி ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். எங்கள் வீட்டுச் சண்டைகள் இப்போதெல்லாம் இப்படித்தான் நடக்கின்றன. இரண்டு பக்கமும் அவரவர் ஆயுதம்.

தாடிக்காரர் மரியாதைக்காக எங்களிடம், "உங்கள் ஊரில் பள்ளிக்கூடத்திலேயே இந்தப் பாடம் உண்டா?" என்று விசாரித்தார்.

"இல்லை" என்றார் கதிரேசன்.

"உண்டு" என்றேன் நான், அதே நொடியில்.

திரும்பி வரும்போது காரில் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "அந்த ஓசூர் சமாச்சாரத்தைத்தானே சொன்ன? அதைப் போய் இதோட சேக்காதே, ஜெயா."

பின் சீட்டிலிருந்து நளினி தலையை நீட்டினாள். "என்ன ஓசூர் சமாச்சாரம்?"

அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்கள் தப்பு இருந்தால் திருத்தலாம்.

2

முப்பது வருஷத்துக்கு முன்னால், ஐம்பதுகளின் நடுவில், நான் ஓசூர் ஹைஸ்கூலில் நாலாவது பாரம் படித்துக்கொண்டிருந்தேன், அதாவது இன்றைய ஒன்பதாம் வகுப்பு. எங்கள் வீடு மூக்கண்டப்பள்ளியில். இன்று அங்கே பஸ்ஸை விட்டு இறங்கினால் தொழிற்சாலைச் சுவரும் ஷிப்ட் முடிந்து வரும் கூட்டமும்தான் கண்ணில் படும். அப்போது கேழ்வரகுக் காடு. டிரங்க் ரோட்டோரமாக நடந்து பள்ளிக்கூடம் போவேன். வகுப்பில் பெண்கள் என்று விரல்விட்டு எண்ணினால் ஒரு கைகூட முழுசாகத் தேவைப்படாது.

வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. அப்பாவை நாயனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் காய்கறி பயிர் செய்து பெங்களூர் மார்க்கெட்டுக்கு அனுப்புவார். அங்கே வியாபாரம் கன்னடத்தில். பள்ளிக்கூடம் தமிழில். இதில் எதுவும் எங்களுக்கு ஆச்சரியமாகத் தோன்றியதே இல்லை.

அந்த வருஷம் சரித்திரம், பூகோளம் இரண்டையும் சேர்த்துச் சமூகப் பாடம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அதை நடத்துவதற்குச் சேலத்திலிருந்து தங்கவேலு சார் வந்தார். பயிற்சி முடித்த சூடு ஆறாத இளைஞர். அவருக்கு முன்னால் பாடம் வந்துவிட்டது. பாடத்துக்கான புத்தகம்தான் வரவில்லை. சேலத்துக்கு எழுதினார்கள், மெட்ராஸுக்கு எழுதினார்கள், வந்துகொண்டே இருக்கிறது என்று பதில் வந்தது.

வீட்டில் நான் "சமூகப் பாடம், இங்கிலீஷ்ல சொசைட்டி" என்று சொன்னதும் நாயனா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே சொசைட்டி, விவசாயிகளுக்குக் கடன் கொடுக்கும் கூட்டுறவு சொசைட்டி. "நல்ல பாடம். பம்ப்செட்டுக்கு எப்படி மனு போடறதுன்னு கேட்டுட்டு வா" என்றார். ரொம்ப நாள் அந்த நம்பிக்கையிலேயே என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்.

புத்தகம் இல்லாத வாத்தியார் என்ன செய்வார்? ஒருநாள் தங்கவேலு சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "சமூகம் வெளியில இருக்குது. நாம போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றார். பக்கத்தில் ஒரு சின்ன கிராமத்தை எடுத்துக்கொள்வது. வீடு வீடாகப் போய் என்ன தொழில், எத்தனை பேர், எந்த பாஷை, எந்தச் சந்தைக்குப் போகிறார்கள் என்று கேட்பது. மூக்கண்டப்பள்ளி என்று முடிவாயிற்று. சாருக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. ஆகவே பேச்சை மாற்றிச் சொல்ல நான்.

இங்கேதான் சிக்கல். என் சித்தப்பா நாராயணப்பா துள்ளிக் குதித்தார். கெலமங்கலத்தில் எனக்கு ஒரு மாப்பிள்ளையை அவர் பேசி வைத்திருந்தார். "வயசுப் பொண்ணு, ஆம்பள வாத்தியாரோட ஊரைச் சுத்தினா அவுங்க என்ன நெனைப்பாங்க?" என்றார். நாயனா பம்ப்செட்டுக்கும் சம்பந்தத்துக்கும் நடுவில் தவித்தார்.

சார்தான் வழி கண்டுபிடித்தார். தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

3

சரோஜா அக்காவுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகியிருக்காது. கல்யாணமாகிச் சேலத்தை விட்டு முதல்முறையாக வெளியே வந்தவர். ஓசூரில் பக்கத்து வீட்டில் கன்னடம், எதிர்வீட்டில் தெலுங்கு, பேச ஆள் இல்லை. எனக்குக் காவலாக அனுப்பியபோது சிறையிலிருந்து விட்ட மாதிரி வந்தார்.

"எட்டாவதோட நிறுத்திட்டாங்க ஜெயா என்னை" என்று முதல் நாளே சொன்னார். "பெரிய மனுஷி ஆயிட்டனாம். எங்கூட்ல தம்பி மட்டும் போவான், நான் அவன் புஸ்தகத்துக்கு அட்டை போட்டுக் குடுப்பேன். இப்ப பாரு, உனக்குத் தொணைன்னு சொல்லிட்டு நானும் பள்ளிக்கூடம் போறேன்."

சார் வாசலில் நின்று ஆண்களிடம் கேட்பார். நான் மாற்றிச் சொல்வேன். சில பதில்களை என்ன செய்வதென்றே தெரியாது.

"உங்க பாஷை என்னங்க?" என்று ஒருவரைக் கேட்டோம்.

"பொண்டாட்டிகிட்ட தெலுங்கு, தாலுகா கச்சேரிக்குப் போனா தமிழு, மாட்டுகிட்ட கன்னடம்."

"மாட்டுக்கு எதுக்கு கன்னடம்?" என்று சார் கேட்டார்.

"மைசூர் மாடு சார் அது. தமிழ்ல சொன்னா நின்னுகினே கீது."

சரோஜா அக்கா வாசலில் நிற்கவே மாட்டார். நேராகப் புழக்கடைக்குப் போய்விடுவார். பாஷை தெரியாது, கையைக் காட்டுவார், சிரிப்பார், அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிப்பார். திரும்பி வரும்போது சாரின் கணக்கு தலைகீழாகிவிடும். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி மூவரும் ஒரே குடும்பம் என்று பெரியவர் வாசலில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா வெளியே வந்து சார் காதில், "அடுப்பு ரெண்டு எரியுதுங்க. சின்ன மருமக தனியா ஆக்கறா, மூணு மாசமாப் பேச்சே இல்லன்னு கையாலயே காட்டறா" என்றார். சார் திகைத்துப் போனார். பயிற்சியில் அடுப்பைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அது நாட்டையே பாஷையை வைத்துப் பிரிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு டீக்கடை டீக்கடையாக ஓடிக்கொண்டிருந்த காலம். ஓசூர் மைசூரோடு போகுமா, மெட்ராஸோடு இருக்குமா, ஆந்திரா கேட்குமா என்று தினம் ஒரு வதந்தி. இந்த நேரம் பார்த்து ஒரு வாத்தியார் வீடு வீடாக வந்து உன் பாஷை என்ன என்று கேட்டால் ஊர் சும்மா இருக்குமா?

முதலில் ஒரு மளிகைக்கடைக்காரர் வந்தார். "சார், நேத்து வாய் தவறி கன்னடம்னு சொல்லிட்டேன். தமிழ்னு மாத்திக்குங்க." அவர் போனதும் பூ வியாபாரி ஒருவர் வந்து, "தமிழ்னு சொன்னேன், கன்னடம்னு போடுங்க. நாளைக்கு பெங்களூர் மார்க்கெட்ல என்னை உள்ள உடமாட்டாங்கன்னு சொல்றாங்க" என்றார். இன்னொருவர் மூன்றிலும் தன்னைப் போட்டுவிடச் சொன்னார், எதற்கும் இருக்கட்டுமென்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிச்ச வீடுகளைப் பார்க்க நாங்கள் போனபோது பஜனைக் கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. சித்தப்பாதான் முன்னால் நின்றார்.

4

"ஸ்கூல் பாடமா இது? வேவு பாக்கறீங்க!" என்று ஒருவர் கத்தினார். "எங்களை எங்க தள்ளி உடறதுக்கு இந்தக் கணக்கு?"

சார் பேச ஆரம்பித்தார். சமுதாயம், மக்களாட்சி, குடிமக்களின் கடமை என்று பெரிய பெரிய வார்த்தையாக வந்தது. பாதிப் பேருக்குப் புரியவில்லை. புரிந்தவர்களுக்கு இன்னும் சந்தேகம் கூடியது. கூட்டம் நெருங்கியது. சரோஜா அக்கா என் கையைப் பிடித்தார். "நீ சொல்லு ஜெயா, அவங்க பேச்சுல சொல்லு" என்றார்.

அவ்வளவு பேர் முன்னால் நான் வாய் திறந்ததே இல்லை. நாயனா கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். தெலுங்கில் ஆரம்பித்தேன், பிறகு கன்னடத்தில். சார் சொன்ன சமுதாயம் என்ற வார்த்தைக்கு எனக்கு இரண்டிலும் வார்த்தை தெரியவில்லை. தெரிந்த மாதிரி சொன்னேன். "இது சர்க்கார் கணக்கு இல்ல. நம்ம ஊர்ல யார் யாரோட எப்படி இருக்கறோம், யார் யாரோட சேந்து வேலை செய்யறோம், யார் வீட்ல யார் தண்ணி குடிக்கறோம், இதைத் தெரிஞ்சுக்கற பாடம். அவ்வளவுதான்."

கூட்டம் சட்டென்று அமைதியானது. என் பேச்சுதான் இப்படி அடக்கியது என்று ஒரு கணம் பெருமையாக இருந்தது. அப்புறம்தான், யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கிறோம் என்று நான் சொன்னதைக் கேட்டே எல்லாரும் மௌனமானார்கள் என்று உறைத்தது.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், வெயிலில், திம்மராயன் நின்றிருந்தார். டிரங்க் ரோட்டில் கல் பரப்பும் ஆட்களுக்கு மேஸ்திரி. ஏரிக்கரைக்கு அப்பால் இருந்த சேரியில் வீடு. கோயில் பக்கம் அவர் வரக்கூடாது. ஆகவே அங்கிருந்தே சத்தமாகக் கேட்டார். நல்ல தமிழில், சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"சார், அந்தக் கணக்குல எங்க தெரு எந்த பாஷையில இருக்குது?"

எங்கள் கணக்கில் அந்தத் தெருவே இல்லை. போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, சமூகத்தைப் பார்க்கப் புறப்பட்ட எங்களுக்குக்கூட. சாரின் காது சிவந்ததை நான் பார்த்தேன். "நாளைக்கு வர்றோம்" என்றார் கடைசியில்.

அன்று வீட்டில் சித்தப்பா போட்ட கூச்சலை இங்கே எழுதமுடியாது. "இந்தப் பொண்ணு அங்க காலெடுத்து வெச்சா கெலமங்கலம் சம்பந்தம் போச்சு!" என்று முடித்தார். அவர் போன பிறகு நாயனா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு, "திம்மராயனை நான் தினம் ரோட்ல பாக்கறவன். வண்டி குடை சாஞ்சா வந்து தூக்கி விடறவன் அவன். வர்றேன்னு சொல்லிட்டு வரலைன்னு கேட்டா நான் மூஞ்சியை எங்க வெச்சுக்கறது? போயிட்டு வா. சித்தப்பன்கிட்ட சொல்லாத" என்றார்.

போனோம். திம்மராயன் வீட்டு வாசலில் பாய் போட்டிருந்தார்கள். சார் தயங்கித் தயங்கிக் கேள்விகளைக் கேட்டார். பாஷை என்ன என்று வந்தபோது திம்மராயன் இம்முறை சிரிக்கவில்லை.

"ஊட்டுல பேசறது கன்னடம் சார். ஆனா எங்களை வேலை ஏவறவங்க எந்த பாஷையில ஏவறாங்களோ அந்த பாஷையில பதில் சொல்லணும். தெலுங்குல திட்டினா தெலுங்குல சரிங்கணும். அதனால மூணும் வரும். எதைப் போட்டுக்கறீங்களோ போட்டுக்குங்க."

அவருடைய மனைவி இரண்டு லோட்டாவில் மோர் கொண்டுவந்து பாய் ஓரத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. சொல்லி, நாங்கள் மறுத்துவிட்டால் என்ற பயம் முகத்தில் தெரிந்தது.

சரோஜா அக்கா லோட்டாவைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவருக்கு அது சுலபமாக இல்லை. சேலத்தில் அவர் வளர்ந்த வீடும் எங்கள் வீட்டைப் போலத்தான். பிறகு எடுத்தார். ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு, அப்புறம் அண்ணாந்து முழுசையும் குடித்து முடித்து மேல்மூச்சு வாங்கினார். "கொத்தமல்லி போட்டிருக்கறீங்க. இன்னங் கொஞ்சம் கெடைக்குங்களா?" என்றார்.

அந்த அம்மா சிரித்தார். அதற்குப் பிறகு இருவரும் வழக்கம்போல வீட்டுக்குள்ளே போய்விட்டார்கள். என் லோட்டாவை நானும் குடித்தேன். புளிப்பான மோர். சாருக்கு மூன்றாவது லோட்டா வந்தது.

5

ஏரிக்கரை தாண்டுவதற்குள் செய்தி சித்தப்பாவை எட்டிவிட்டது. வீட்டு வாசலிலேயே அம்மா என் தலையில் தண்ணீரை ஊற்றினாள். கெலமங்கலத்துக்காரர்கள் அந்த வாரமே, ஜாதகம் சரியில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அம்மா அழுதாள். நாயனா, "வேற எடம் வர்றவரைக்கும் சும்மா ஊட்ல கெடந்து என்ன பண்ணப் போறா? படிக்கட்டும்" என்றார். வேறு இடம் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. ஆறாவது பாரம் வரை படித்து முடித்தேன்.

ஹெட்மாஸ்டர் கணக்கெடுப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார். கொஞ்ச நாளில் புத்தகமும் வந்து சேர்ந்தது. தங்கவேலு சார் அதை முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காக நடத்தினார். வருஷக் கடைசியில் அவரைப் பாரூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். சேரியில் எதுவும் மாறவில்லை. கிணறு பல வருஷம் தனியாகத்தான் இருந்தது. திம்மராயன் மட்டும் டிரங்க் ரோட்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கல்லுக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஒரு நாள் தமிழில், மறுநாள் தெலுங்கில், "என்ன பாப்பா, பாடம் எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்பார்.

சரோஜா அக்கா என்னை விடவில்லை. ஆசிரியர் பயிற்சிக்குச் சேலம் வரச் சொல்லி எழுதி, தன் அம்மா வீட்டிலேயே தங்க வைத்தார். அந்த வீட்டில் ஒரு தம்பி இருந்தார். இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தார், எதைக் கண்டாலும் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். பெயர் கதிரேசன். தெலுங்கு வீட்டுப் பெண்ணும் தமிழ் வீட்டுப் பையனும் எப்படிச் சேர்ந்தார்கள் என்பது தனிக்கதை. அதில் கத்தல் அதிகம், இங்கே வேண்டாம்.

இந்த இடத்தில் நளினி காரே அதிர்கிற மாதிரி கத்தினாள். "அப்போ, சோஷியாலஜி இல்லைன்னா நானே இல்லை!" அபூர்வமாகத் தமிழில். கதிரேசன் கியரை மாற்றினார், தேவையில்லாமல்.

ஆனாலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த நாள் சேலத்துக்கு டிரங்க் கால் போட்டார், அக்கா தன் பக்கம் பேசுவார் என்று. "பொண்ணு கெமிஸ்ட்ரியை விட்டுட்டு என்னமோ..." என்று தொடங்கினார். மறுமுனையில் ஏதோ குறுக்கிட்டது. போனை நளினியிடம் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார். நளினி ரொம்ப நேரம் "ம், ம்" என்று கேட்டாள். ஒரு தரம் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அத்தை என்ன சொன்னா?" என்று கதிரேசன் கேட்டார்.

"ஓசூர்ல நடந்த அந்தக் கொஞ்ச நாள்தான் அத்தை போன காலேஜாம். அப்புறம் யாரும் அனுப்பலையாம். எனக்கு என்ன பாடம் நடத்தறாங்களோ அத்தைக்கும் வேணுமாம்."

சனிக்கிழமை காலையில் கதிரேசன் கடைக்குப் போய்ப் பாடப்புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்கி வந்தார். ஒன்றை மகளிடம் கொடுத்தார், இன்னொன்றை என்னிடம்.

அக்காவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அதனால் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் துணி மடித்து, சாம்பார் இறக்கி வைத்த பிறகு, சமையலறை மேஜையில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைத் தமிழாக்குகிறேன். நளினி எதிரே உட்கார்ந்து தன் வீட்டுப்பாடத்தைச் செய்கிறாள். எனக்குப் புரியாத வாக்கியத்தை அவள் விளக்குகிறாள், அவளுக்குத் தெரியாத தமிழ் வார்த்தையை நான் சொல்கிறேன். இந்த வீட்டில் இவ்வளவு நேரம் நாங்கள் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து பல வருஷம் ஆகிறது. முதல் அத்தியாயம் குடும்பத்தைப் பற்றி. முடித்து விமானத் தபாலில் அனுப்பினேன். நேற்று பதில் வந்தது. சத்தமாகப் படித்தேன்.

"நல்லா எழுதியிருக்காங்க ஜெயா. ஆனா இந்த ஆளு குடும்பத்தைப் பத்தி இவ்வளவு சொல்றாரே, ஒருத்தர் வீட்டுக்குள்ளயாச்சும் போயி உக்காந்து பாத்த மாதிரி எனக்குத் தெரியல. அடுத்த பாகத்தைச் சீக்கிரம் அனுப்பு."

நளினி அதை உடனே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டாள். அதை வகுப்பில் படித்துக்காட்டத் தாடி வாத்தியாரிடம் அனுமதியும் வாங்கிவிட்டாளாம். எட்டாவதோடு நிறுத்தப்பட்ட சரோஜா அக்கா இந்தத் திங்கட்கிழமை வகுப்பில் பேசுகிறார்.